தேவானை தன்னைத் தேடிப் போன செவ்வாய்க்கிழமை

அசையாமல் உட்காருவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், தயவுசெய்து ஒரு ஸ்டூலைப் போட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும். பத்தாவது நிமிஷம் மூக்கு நுனியில் ஈ வந்து உட்காரும். விரட்டக் கூடாது. இருபதாவது நிமிஷம் இடுப்பு கெஞ்சும். முப்பதாவது நிமிஷம் இடது கால் நம்முடையதே இல்லை என்று ஆகிவிடும். அதற்கப்புறம்தான் ஒரு சுகம் வரும் என்பாள் தேவானை. கண்ணைத் திறந்தபடியே தூங்குகிற சுகம். எதிரே இருக்கிற ஜன்னல் மட்டும் மெல்ல மிதக்கும். அந்தச் சுகத்துக்காகவே இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தாளோ என்னவோ.

ஓவியக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு மனித உருவம் வரைந்து பழக ஓர் ஆள் வேண்டும். மாடல் என்பார்கள். விளம்பரத்தில் வருகிற மாடல் என்று நினைத்துவிட வேண்டாம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கை மடியில், பார்வை ஜன்னலில் என்று வாத்தியார் சொன்னபடி உட்கார வேண்டும், அவ்வளவுதான். அவள் புருஷன் ரகுபதி வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கிறவர். கல்லூரிச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில், ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னதே அவர்தான். "நான் சுவத்துக்கு அடிக்கறன், அவனுங்க உன்ன வெச்சிக்கினு துணிக்கு அடிக்கப் போறானுங்க. ரெண்டும் ஒண்ணுதான், போய்ட்டு வா" என்றார். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது.

ஆனால் அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? வயசுப் பிள்ளைகள் முப்பது பேர் சுற்றி உட்கார்ந்து உற்று உற்றுப் பார்க்கிற வேலை என்றால், தெருவே வாயில் போட்டு மென்றுவிடும். "காலேஜ்ல ஆயா வேலை" என்று சொல்லி வைத்தாள். நிஜம் தெரிந்தது புருஷனுக்கும், பின்னாளில் மகளுக்கும் மட்டும்தான். அங்கே உட்கார வந்த பெண்கள் அத்தனை பேரும் அவரவர் வீட்டில் அதையேதான் சொல்லி வைத்திருந்தார்கள். சொன்ன பொய் நிற்க வேண்டும் அல்லவா? அதனால் ஒரு படத்தைக்கூடக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

வரைந்ததை எட்டிப் பார்ப்பதும் கிடையாது. சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பையனின் படத்தைப் பார்த்து, "இன்னா நைனா, எனக்குக் கழுத்தையே காணோம்" என்று சிரித்துவிட்டாள். அந்தப் பிள்ளை கண் கலங்கி, படத்தை நாலாய்க் கிழித்துப் போட்டான். பெற்ற பிள்ளையை அடித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. அன்றையிலிருந்து இடைவேளை மணி அடித்தால் நேரே டீக்கடைதான், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

பெருவெள்ளம் வந்த வருஷம் ஆறு வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. கல்யாண ஆல்பமும் அதில் போனது. வெள்ளத்துக்கப்புறம் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். வெள்ளத்துக்கு முந்தின தேவானையின் முகம் என்று இந்த உலகத்தில் இருப்பது ஆதார் கார்டில் இருப்பது ஒன்றுதான். அந்தப் படத்தில் எல்லாரையும் போல அவளும் திருட்டுக் கேஸில் மாட்டியவளாகத்தான் இருக்கிறாள்.

இப்படி இருக்கையில், போன மாதம் ஒரு காலை. மகள் கயல் தரமணி ஆபீஸுக்குக் கிளம்பி, கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அடுத்த வாரம் எனக்கு இருபத்தி நாலு. என் வயசுல நீ எப்டி இருந்த?"

"எப்டி இருப்பாங்க? ரெண்டு கண்ணு, ஒரு மூக்குதான்."

"வெளாடாதம்மா. உன் ஜாடையா, அப்பா ஜாடையான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. காட்டறதுக்கு ஒரு போட்டோகூட இல்ல." சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினாள் கயல். "அன்னிக்கி உன்ன வரஞ்ச பசங்க இன்னிக்கிப் பெரிய ஆளாயிருப்பாங்கல்ல? எங்கனா மாட்டி வெச்சிருப்பாங்கம்மா உன்ன."

விளையாட்டாகச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். தேவானைக்கு அன்று பூராவும் வெங்காயம் நறுக்குகிற கை நின்று நின்று போனது. தரமணியில் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் காய் நறுக்குவது இப்போது அவள் வேலை. எத்தனை ஆயிரம் தடவை வரைந்திருப்பார்கள் தன்னை? அத்தனையுமா குப்பைக்குப் போயிருக்கும்? ஒன்றாவது, ஒரே ஒன்றாவது, எங்கோ ஒரு சுவரில் இருக்காதா? இருந்தால் அதைப் பார்த்துவிட வேண்டும். மகள் கையில் கொடுத்துவிட வேண்டும். இப்படி ஓர் ஆசை தனக்குள் இருந்ததே ஐம்பத்து மூன்று வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

கயல் போனில் தேடி மூன்று இடங்களை எழுதிக் கொடுத்தாள். அடையாறில் ஒன்று, எழும்பூரில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று. "ஞாயித்துக்கெழம நானும் வரன்" என்றாள். தேவானை ஒத்துக்கொள்ளவில்லை. இது தனியாகப் போக வேண்டிய காரியம் என்று தோன்றியது. இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், மகள் பக்கத்தில் நிற்க முகத்தை எங்கே கொண்டு வைப்பது? வாரத்தில் அவளுக்கு லீவு செவ்வாய். புளிசாதம் கட்டிக்கொண்டு, அந்தச் செவ்வாய் எட்டு மணிக்கெல்லாம், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பிங்க் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் பிடித்துவிட்டாள்.

அடையாறு இடம் ஒரு பங்களா. தூங்குமூஞ்சி மரம் இரண்டு பக்கமும் கவிந்து, தெருவே குளத்துக்கு அடியில் கிடக்கிறாற்போல் பச்சையாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினாள். செக்யூரிட்டி, போட்டுக்கொண்டே போகலாம் என்றார். உள்ளே ஏசி ஜில்லென்று முகத்தில் அடித்தது. வெள்ளைச் சுவர். பெரிய பெரிய படங்கள். சரி, இத்தனை இருக்கிறதே, இதில் ஒன்றில் இருக்க மாட்டோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தவள், நாலு படம் தாண்டியதும் நின்றுவிட்டாள். ஒரு மனுஷ முகம் இல்லை. சிவப்பு ஒரு கோடு. கறுப்பு ஒரு வட்டம். பழுப்பாக ஒரு கலங்கல்.

மேஜையில் இருந்த பெண் எழுந்து வந்து, "ஏதாவது ஹெல்ப் வேணுமா ஆன்ட்டி?" என்றாள், மரியாதையாகவே.

"ஆளுங்க படம் எதுவும் இல்லியாம்மா?"

"இந்த ஷோ முழுக்க அப்ஸ்ட்ராக்ட் ஆன்ட்டி. உருவம் இருக்காது."

"அன்னிக்கி மாடல் லீவு போட்டுட்டாளோ இன்னாவோ" என்றாள் தேவானை. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். தேவானையும் சிரித்துவிட்டு வெளியே வந்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் இறங்கித்தான் போயிருந்தது. போகட்டும், இன்னும் இரண்டு இருக்கிறது.

எழும்பூர் மியூசியத்துக்குப் பழைய மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். பாடம் பண்ணின மிருகமும் எலும்புக்கூடும் இருக்கிற இடம் என்பதால். உயிரோடு மிருகம் இருந்த பழைய ஜூவுக்கு உயிர் காலேஜ். பஸ் இறங்கும்போது, "செத்த காலேஜு இங்கதான?" என்று தேவானை கேட்க, பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் திருதிருவென்று விழித்தான்.

செம்மண் நிறக் கட்டடங்களுக்கு நடுவே அவள் ஒரு மணி நேரம் சுற்றியிருப்பாள். ஓவியம் இருக்கிற கட்டடம் எது என்று கேட்டுப் போகத்தான் நினைத்தாள். கால் முதலில் வெண்கலச் சிலைகளிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே நல்ல இருட்டு. ஒவ்வொரு சிலைக்கும் ஒரு விளக்கு. பக்கத்தில் ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். தேவானைக்குக் கை கூப்பத் தோன்றவில்லை. அவள் கண் நேரே எதிரில் இருந்த அம்மன் சிலையின் இடுப்புக்குத்தான் போனது. உடம்பின் மொத்த பாரமும் வலது காலில். இடது முழங்கால் லேசாக மடங்கி, ஒரு கை தொங்கலாக. இந்த நிலை அவளுக்குத் தெரியும். இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்காது. வலது குதிகாலில் இருந்து சுள்ளென்று ஏறும்.

'யாரு நின்னிருப்பா இதுக்கு?' என்று நினைத்தாள். சிற்பி கண்ணை மூடிக்கொண்டா செய்திருப்பான்? எவளோ ஒருத்தி நின்றிருக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வீட்டில் ஏதோ ஒரு பொய் சொல்லிவிட்டு வந்து. அவளுக்கு நடுவில் மோராவது கொடுத்தார்களோ இல்லையோ. நின்று நின்று, வலி மரத்து, அந்தச் சுகம் வந்திருக்கும். அதனால்தான் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை எல்லாரும் சாமிச் சிரிப்பு என்கிறார்கள். தேவானை அந்த வெண்கலப் பெண்ணைப் பார்த்து, ஒரே சமையற்கட்டில் வேலை பார்க்கிறவளைப் பார்ப்பதுபோல் தலையை ஆட்டினாள். விளக்கு ஆடியதா, கண் ஆடியதா தெரியாது, எதிரில் இருந்தவளும் ஆட்டினாற்போல் இருந்தது.

அந்த மயக்கத்திலேயே ஓவியக் கூடத்துக்குப் போனாள். இங்கே முகங்கள் இருந்தன. ஜரிகை வைத்த ராஜாக்கள், வெள்ளைக்காரத் துரைகள், பூக்காரி, குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, இவருக்குக் கழுத்துப் பிடித்திருக்கும், இவளுக்குக் குழந்தை நடுவில் அழுதிருக்கும் என்று பார்த்துக்கொண்டே போனாள். கடைசிச் சுவர் வந்தது. அவள் இல்லை. திரும்ப ஒரு தடவை முதலில் இருந்து பார்த்தாள். இல்லை என்றால் இல்லைதான்.

வெளியே மரத்தடியில் புளிசாதத்தைத் தின்றுவிட்டு, வெயிலுக்கு ஒதுங்க கல்சிற்பங்கள் இருக்கிற கூடத்துக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். எட்டுப் பேர், தோளில் ஜோல்னாப் பை, கையில் பெரிய நோட்டு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வரைகிற பிள்ளைகள். எதிரே தரையில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தார்கள். அவள் பக்கமாகத்தான்.

தேவானைக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. கை மடிக்குப் போனது. பார்வைக்கு ஒரு ஜன்னலைத் தேடிப் பிடித்தாள். ஏழு வருஷமாயிற்று விட்டு. உடம்பு மறக்கவில்லை. பென்சில் காகிதத்தில் உரசுகிற சத்தம் காதில் விழ விழ, மனசு லேசாகி எங்கோ போய்விட்டது. ஆறு வந்தது. ரகுபதி சைக்கிளில் வந்தார். கயல் பிறக்கவே இல்லை, கயல் நடந்தாள், கயல் ஆபீஸ் போனாள், எல்லாம் அந்த ஜன்னலிலேயே நடந்தது. நடுவில் பசங்கள் ஏதோ குசுகுசுத்தார்கள். அவள் அசையவில்லை. வேலை நேரத்தில் மாடல் பேசக் கூடாது.

ஒரு வழியாகப் பென்சில்கள் நின்றன. கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"சாரி ஆன்ட்டி, உங்களுக்கு ஒடம்பு முடியலியா? ரொம்ப நேரமா அப்டியே இருக்கீங்க."

"இல்லம்மா, நீங்க வரையறீங்களேன்னுதான் அசையல" என்றாள் தேவானை. சொல்லும்போதே பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் தலைக்கு நேர் பின்னால், முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஒரு கல் யாளி நின்றது.

அந்தப் பெண் தயங்கித் தயங்கி நோட்டைக் காட்டினாள். யாளி அச்சாக வந்திருந்தது. ஒவ்வொரு பல்லும், ஒவ்வொரு பிடரி மயிரும். நடுவில், தேவானை மறைத்த இடத்தை மட்டும் வரையாமல் விட்டிருந்தாள். தலை, தோள், மடியில் வைத்த கை என்று ஒரு பெண் அளவுக்கு வெள்ளைக் காகிதம்.

"நீங்க எழுந்தப்பறம் ஃபில் பண்ணிக்கலாம்னு விட்டேன் ஆன்ட்டி."

சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்டால் இரண்டும்தான் வந்தது. "நல்லா வரஞ்சிருக்கம்மா" என்று சொல்லிவிட்டு, விட்டால் போதும் என்று வெளியே வந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷமும் இப்படித்தானோ? தன்னை வரைகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, எல்லாரும் பின்னால் இருந்த எதையோ வரைந்துவிட்டு நம்மைக் காலியாக விட்டுவிட்டார்களோ? பைத்தியக்கார நினைப்புதான். ஆனாலும் பஸ் ஸ்டாப் வரைக்கும் அது கூடவே வந்தது. மணி நாலு. வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். மயிலாப்பூர் பஸ் முதலில் வந்தது, ஏறிவிட்டாள்.

தெப்பக்குளத்தில் வெயில் சாய்ந்து, கோபுரம் தண்ணீரில் நீளமாக ஆடிக்கொண்டிருந்தது. மாட வீதியில் பூக்கடை, கொலுசுக்கடை, பித்தளைக்கடை என்று பராக்குப் பார்த்துக்கொண்டே, வழி கேட்டுக் கேட்டு ஒரு சந்துக்குள் நுழைந்தாள். இறந்துபோன ஓர் ஓவியரின் வீடு அது. கல்லூரியில் கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்தவர். பிள்ளைகள் வீட்டை அப்படியே படக்கூடமாக விட்டிருந்தார்கள். பார்த்துக்கொள்ள அறிவு என்று ஓர் ஆள், நாற்பது வயதிருக்கும். நாற்காலியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"அஞ்சரைக்கு மூடிருவன்மா. சீக்கிரம் பாத்துட்டு வந்துருங்க."

முதல் அறையில் கோயில் யானை, படகு, மீன்பாடி வண்டி. இரண்டாவது அறையில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அந்த ஜன்னல் இருந்தது.

அவளுடைய ஜன்னல். கம்பியில் மூன்றாவது வளைந்திருக்கும், அப்படியே வளைந்திருந்தது. நீலத் திரை. கை உடைந்து கயிறு சுற்றின பிரம்பு நாற்காலி. நாற்காலியில் ஒரு பெண். ஒல்லியாக, தலையை லேசாகச் சாய்த்து, முந்தானையை இழுத்து மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு. கீழே சின்ன அட்டையில், 'அமர்ந்திருக்கும் பெண், 1998' என்று எழுதியிருந்தது.

தேவானை படத்துக்குக் கிட்டே போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு அழகாகவா இருந்தோம் என்று நினைத்தாள். ஆற்றங்கரையில் குடத்தோடு வரிசையில் நின்று சண்டை போட்ட காலத்தில், இப்படி ஒரு வெளிச்சம் தன் கன்னத்தில் விழுந்திருக்கிறது. தெரியவே தெரியாதே.

விசும்பல் கேட்டு அறிவு எழுந்து வந்தான். அவளைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான்.

"அம்மா, இது நீங்களா? மெய்யாலுமா? இருங்க, போனக் குடுங்க, ஒரு போட்டோ எடுத்துத் தரன்."

அவனே எடுத்து, அவள் சொன்ன நம்பருக்கு அனுப்பியும் கொடுத்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கயலிடமிருந்து குரல் செய்தி. அழுகையும் சிரிப்புமாக, "அம்மா, நீயாம்மா இது? எவ்ளோ அழகுமா நீ. என் நெத்தி அப்டியே இருக்குமா."

தேவானை அதை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். அப்புறம், நல்ல சாப்பாட்டை மெல்ல மெல்லச் சாப்பிடுகிறவள் மாதிரி, படத்தைத் தலையில் இருந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வகிடு. நெற்றி. கழுத்து. தோள். மடியில் கை.

கையில் வந்து கண் நின்றது.

வலது கை மூடியிருந்தது. கட்டைவிரல் உள்ளே போய், மற்ற நாலு விரலும் அதை மூடிப் பிடித்திருந்தன.

தேவானை அப்படிக் கை வைத்ததே கிடையாது. அவள் கை எப்போதும் மல்லாந்து திறந்திருக்கும். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடுகிறவள் ஒருத்திதான். ஜமீலுன்னிசா. திங்கள், புதன், வெள்ளி தேவானை உட்கார்ந்தால், செவ்வாய், வியாழன் அவள் உட்காருவாள். சனிக்கிழமை இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைப்பார்கள். மீர்சாகிப்பேட்டையில் இருந்து வருவாள். இரண்டு பேரும் ஒரே உடம்புவாகு. கல்லூரி வாட்ச்மேன் கடைசி வரை பெயரை மாற்றி மாற்றித்தான் கூப்பிட்டார். ஜமீலாவுக்கு உட்கார்ந்தால் விரல் நடுங்கும். நடுக்கம் தெரியாமல் இருக்கக் கட்டைவிரலைப் பிடித்து வைத்துக்கொள்வாள். "குழந்தையாட்டம் இன்னாடி அது" என்று டீக்கடையில் தேவானை கேலி பண்ணுவாள். ஜமீலா கிட்னி போய்ச் செத்து எட்டு வருஷம் ஆகிறது.

ஓவியர் முகத்தை அவசரமாக நாலு தீற்றலில் முடித்திருந்தார். அது யாராகவும் இருக்கலாம். கையை மட்டும் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்.

வயிறு எரிந்தது தேவானைக்கு. செத்துப்போனவள்மேல் ஒருத்திக்கு எரியுமா? எரிந்தது. உனக்குத்தான் கிடைக்க வேண்டுமா? காலையிலிருந்து அலைந்தது நான். என் பிள்ளை அங்கே அழுதுகொண்டு கிடக்கிறாள். அடுத்த நினைப்பு உடனே வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? முகம் யாருடையதும் இல்லை. பெயரும் போடவில்லை. அந்தக் கையைப் படிக்கத் தெரிந்தவள் இந்த ஊரில் தான் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால், கயல் பிறந்த நாளுக்கு இதை ஃபிரேம் போட்டு மாட்டிவிடலாம்.

நெடுநேரம் நின்றாள். சந்தில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. படத்தில் இருந்தவள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேவானை போனை எடுத்துக் கயலைக் கூப்பிட்டாள்.

"கயலு. அது நான் இல்லடி. என்கூட உக்காந்த ஜமீலா."

"ஸ்டேடஸ் போட்டுட்டன்மா. எல்லாரும் என் ஜாடைன்றாங்க."

"எடுத்துரு."

"அவங்கதான் இல்லியேமா இப்ப." கயல் குரல் கெஞ்சியது. "யாருக்கும்மா தெரியப் போது? நீன்னே இருக்கட்டுமே."

"அவளுக்கு ஒரு பொண்ணு கீதுடி. அந்தப் பொண்ணுகிட்டயும் ஒரு போட்டோ இல்ல."

கயல் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப நீ?"

"கெடைக்கலடி" என்றாள் தேவானை.

ஜமீலாவின் மகள் அதீபாவுக்கு முப்பத்திரண்டு வயது. மீர்சாகிப்பேட்டையிலேயே ஒரு கடையில் ஜாக்கெட் தைக்கிறாள். பெருநாளுக்கு மறக்காமல் கூப்பிட்டுப் பேசுவாள். அம்மாவின் கூடப் பிறந்தவளைக் கூப்பிடுகிற முறையில் தேவானையைக் காலா என்பாள்.

"சொல்லு காலா. இன்னா இந்நேரத்துல?" பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம்.

"அதீபா, உங்கம்மி காலேஜ்ல பெருக்கறதுக்குப் போவலம்மா. உக்கார்றதுக்குப் போச்சு. அத வெச்சி வரைவாங்க. நானும் அதான் செஞ்சேன். ஒரு படம் இங்க மயிலாப்பூர்ல மாட்டி கீது. நான் அதும் முன்னாலதான் நிக்கறன்."

மிஷின் நின்றது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று தேவானைக்குப் பகீரென்றது. ஜமீலா கட்டிக் காத்த பொய்யை, செத்த பிறகு இப்படிப் போட்டு உடைத்துவிட்டோமே.

"காலா," என்றாள் அதீபா மெதுவாக. "அம்மி முகம் எனக்கு மறந்துகினே வருது. எந்த பஸ் ஏறணும்?"

"ஆட்டோல வா, நான் கீறன்" என்று தேவானை இடத்தைச் சொன்னாள்.

அறிவு சாவியோடு வந்து நின்றான். "அம்மா, அஞ்சரை."

"இவ பொண்ணு வருது நைனா. வர்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து அசைய மாட்டன். அசையாம உக்கார்றதுக்குத்தான் எனக்கு இருபத்திரண்டு வருஷம் சம்பளம் குடுத்தாங்க, உன்னால ஒண்ணும் பண்ண முடியாது." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இது நீங்க இல்லியா?"

"இல்ல. பேரு ஜமீலுன்னிசா."

அறிவு அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, மற்ற அறைகளைப் பூட்டப் போனான்.

ஆறு மணிக்குள் அதீபா வந்துவிட்டாள். கழுத்தில் இஞ்ச் டேப்பு தொங்கியது, கழற்றக்கூட நேரம் இல்லாமல் ஓடிவந்திருக்கிறாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தேவானை எதுவும் காட்டவில்லை, சொல்லவில்லை. அதீபா தானாகவே பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கயிறு சுற்றின நாற்காலியைப் பார்த்தாள், மடிக்கு வந்தாள். தன் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிப் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் வரை அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கையைத்தான்.

"காலா," என்றாள். "அம்மி என்னவிடச் சின்னப் பொண்ணா கீதே."

"ஆமாம்மா. இருபத்தஞ்சுதான் அப்ப அதுக்கு."

அதீபா வந்து தேவானை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அறிவு அந்த அறை விளக்கை மட்டும் எரியவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டான்.